இரும்பிறக்கும் சாமியும் துபாய் ஒட்டகமும்

சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றில் கூட்டம் இருக்கும். அது செய்தி அல்ல. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி, கோயிலுக்குப் போகும் தெருவை விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே பக்கத்துச் சந்துக்குள் திரும்பத் தொடங்கியதுதான் செய்தி. ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, மருமகன் தோள் என்று கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சந்து முனையில் ஒரு பேனர் நின்றது.

"உடலில் பிளேட்டா? கம்பியா? செயற்கை மூட்டா? இரும்பு இருக்கும் இடத்தில் சனி இருப்பார். இரும்பிறக்கும் சித்தர் இருக்கையில் கவலை ஏன்?"

பேனரில் சித்தர் புலித்தோல் மேல் உட்கார்ந்திருந்தார். சந்துக்குள் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கோயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கோயிலுக்கு வரும் பேருந்துகளோடுதான் அவருக்குச் சம்பந்தம்.

சித்தரின் தத்துவம் யாருக்கும் புரியும்படி இருந்தது. சனிக்கு உரிய உலோகம் இரும்பு. டாக்டர்களோ எலும்பு உடைந்தவன் காலிலும் மூட்டுத் தேய்ந்தவன் முட்டியிலும் இரும்பை வைத்துத் தைக்கிறார்கள். அதாவது சனிக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்து, கிரகப்பிரவேசமும் செய்து வைக்கிறார்கள். குடிவந்த சனி சும்மா இருப்பாரா? உள்ளே இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறார். அந்தத் துருதான் சீழாக வருகிறது. "ஆபரேஷன் பண்ணிக் கழுவினாலும் ஏன் திரும்பத் திரும்ப வருது? டாக்டர் மறுபடியும் இரும்பத்தான வைக்கிறாரு?" என்று சித்தர் கேட்பார். அந்த இடத்தில் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் தலையாட்டும்.

வைத்தியம் எப்படி என்கிறீர்களா? அறுவைத் தழும்பின் மேல் எள் விழுதைப் பூசுவார். கன்னங்கரேலென்று, நல்லெண்ணெய் மினுமினுக்க, வாசனையாகக்கூட இருக்கும். அதை ஒரு கறுப்புத் துணியால் மூடிவிட்டுக் கொஞ்சநேரம் முணுமுணுப்பார். பிறகு துணியை எடுத்துவிட்டு, வெள்ளிப் பூண் போட்ட கருங்கல் ஒன்றைத் தழும்புக்கு மேலே தொடாமல் ஓட்டுவார். அப்போது விழுது சிலிர்க்கும். நாயைக் கண்ட பூனையின் முதுகு மாதிரி முள் முள்ளாக எழுந்து, தாவிப் போய்க் கல்லில் ஒட்டிக்கொள்ளும்.

"இறங்குது பாருங்க. இரும்பு இறங்குது" என்பார் சித்தர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கண்ணால் பார்த்ததைப் பொய் என்று சொல்ல முடியுமா? எங்கிருந்து இறங்கியது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. காலிலிருந்துதான் என்று அவரவரே முடிவு செய்துகொண்டார்கள். சித்தருக்கு அந்த வேலையும் மிச்சம். காணிக்கை என்று அவர் வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. பக்கத்தில் இருந்த தாம்பாளம்தான் கேட்டது.

சித்தர் வாய்விட்டுக் கேட்டது என்னவோ பத்தியம்தான். இங்கிலீஷ் மருந்து கூடாது, அது இரும்பை உள்ளேயே கட்டிப் போட்டுவிடும். சீழ் வந்தால் பயப்படக்கூடாது, சனி வெளியேறுகிறார் என்று அர்த்தம். காய்ச்சல் வந்தால் கோபமாக வெளியேறுகிறார் என்று அர்த்தம். எது வந்தாலும் சித்தர் சொன்னது பலித்துவிடும். இப்படியொரு வைத்தியத்தில் தோற்பது மிகவும் சிரமம்.

தலையாட்டியவர்களில் தருமபுரம் தியாகராசனும் ஒருவர். இதில்தான் நமக்கு ஆச்சரியம். ஏனென்றால் தியாகராசனை ஏமாற்ற ஓர் ஆள் பிறந்து வரவேண்டும் என்று காரைக்காலில் சொல்வார்கள். மொபெட், ஸ்கூட்டர் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். அச்சில் மாட்டும் வளையத்தை, பித்தளை புஷ் என்று சொல்லி எவனாவது கொண்டுவந்தால், கல்லாவுக்கு மேலே நூலில் தொங்கும் காந்தத்தை இழுத்து அதன் மேல் வைப்பார். ஒட்டிக்கொண்டால் சரக்கு அப்படியே திரும்பிப் போகும். "மேல பித்தளப் பூச்சு, உள்ள இரும்பு. வேற கடையில போயி பூ சுத்துங்க" என்பார். வாடிக்கையாளருக்கும் ஒரு புத்திமதி வைத்திருந்தார். மெக்கானிக் எதை மாற்றினாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்க வேண்டும். "இல்லேன்னா அவன் மாத்தினானா, தொடச்சு அதையே போட்டானான்னு எப்படித் தெரியும்?"

அவருடைய வலது முட்டியை மாற்றியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சில வருடம் கழித்து உள்ளே சீழ் பிடித்தது. டாக்டர் சிவப்ரியா அந்த மூட்டைக் கழற்றி, உள்ளே கழுவி, பல வாரம் காத்திருந்து, வேறு மூட்டு வைத்தார். தியாகராசன் மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி, "பழைய சாமான் எங்க?" ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டே அதைச் சுத்தம் செய்து கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் மனைவி அல்லி அதை ஓர் ஊறுகாய் ஜாடியில் போட்டு பீரோவில் வைத்தார். வைத்த இடத்தை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிவப்ரியா சொன்னது இது.

"மூட்டுல கிருமி ஒட்டுச்சுன்னா கிணத்துப் படியில பாசி படியற மாதிரி படிஞ்சிடும். அப்பறம் மாத்திரை அதுக்குள்ள போகாது. அதனால படியாமப் பாத்துக்கறதுதான் நம்ம வேலை. மாத்திரைய நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. சக்கரையக் கட்டுல வையுங்க. கால் வெடிப்புக்கு மருந்து போடுங்க. கடவாய்ல ரெண்டு சொத்தைப் பல்லு இருக்கு, அதை ஒடனே பாருங்க."

"சக்கரை சரிங்க. கால் வெடிப்பும் சரி, கால்லதான் இருக்கு. பல்லு எங்க இருக்கு, முட்டி எங்க இருக்கு டாக்டர்?"

"ரத்தம் ஒண்ணுதானங்க. சொத்தையில இருக்கற கிருமி ரத்தத்துல ஏறுனா உடம்பு பூரா சுத்தும். சதையா இருந்தா எதுத்து நிக்கும். மூட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது, அது வெறும் சாமான். இன்னொரு தடவை சீழ் புடிச்சுதுன்னா புது மூட்டு வைக்க எலும்பு பத்தாது. காலை நீட்டினபடியே பூட்டிட வேண்டியதுதான். நடக்கலாம். மடக்க முடியாது."

அந்தக் கடைசி வார்த்தை தியாகராசனை உலுக்கிவிட்டது. காரணம் உண்டு. தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டியதும், பழுது பார்த்த ஏதாவது ஒரு மொபெட்டை எடுத்துக்கொண்டு, பின்னால் நண்பர் மன்சூர் அலியை ஏற்றிக்கொண்டு, கடற்கரைச் சாலைக்குப் போவார். இரண்டு பேரும் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு அலையைப் பார்ப்பார்கள். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். நாள் முழுக்க நட்டும் போல்ட்டும் எண்ணிப் போட்ட மனிதருக்கு உலகத்தில் அதுதான் சுகம். நீட்டிய காலை வைத்துக்கொண்டு மொபெட்டில் எங்கே உட்காருவது?

மன்சூர் அலி துபாயில் முக்கால் வாழ்நாளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். கீழே விழுந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்ததில் அவர் காலிலும் ஒரு பிளேட் இருந்தது. அவரிடம் தியாகராசன் சொன்னார்.

"பல்லப் புடுங்குனா முட்டி நல்லாருக்குமாம் பாய். அந்தம்மாவுக்கும் பல்லு டாக்டருக்கும் ஏதோ டீலிங்கு."

"இருக்கும். இருக்கும்" என்றார் மன்சூர் அலி.

அதே வாரம் கடைக்கு வந்த ஒருவர் இரும்பிறக்கும் சித்தரைப் பற்றிச் சொன்னார். வாயிலிருந்து முட்டிக்குக் கிருமி வரும் என்பதை நம்பாத தியாகராசன், வானத்தில் எங்கோ சுற்றும் சனி நேராகத் தன் முட்டிக்கு வந்து குடியேறியிருக்கிறார் என்பதை மறுபேச்சு இல்லாமல் நம்பினார். தூரம் கூடக்கூட நம்பிக்கையும் கூடும் போலிருக்கிறது.

அவரைக் கவிழ்த்தது ஒரே ஒரு சொல்தான். முட்டி மாற்றியதை ஊரில் யாரும் முட்டி மாற்றியதாகச் சொல்வதில்லை. "இரும்பு வச்சிருக்கு" என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இடம் கேட்கும்போதுகூட, "தம்பி, கால்ல இரும்பு வச்சிருக்கு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க." இத்தனை நாள் தன் வாயாலேயே சொன்னதைச் சித்தர் திருப்பிச் சொன்னதும், ஆகா, எப்படிக் கண்டுபிடித்தார் என்று அசந்துபோனார்.

சரக்கு எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் கிளம்பினார். மன்சூர் அலியும் கூடப் போனார். கேட்டால், "நான் சும்மா துணைக்குத்தான்" என்பார். துணைக்குப் போனவர் வரிசையில் தியாகராசனுக்கு முன்னால் நிற்பார். சித்தர் தாராள மனம் கொண்டவர். "பாய், உங்களுக்குச் சனின்னு சொல்லல. உலோக தோஷம்னு வச்சுக்குங்க" என்றார். இரண்டு மார்க்கத்துக்கும் விழுது ஒன்றுதான், தாம்பாளமும் ஒன்றுதான்.

மாத்திரை மேசை டிராயருக்குள் போயிற்று. பல் டாக்டரைப் பார்க்கும் பேச்சே இல்லை. முட்டி இலேசானது போல் இருந்தது. பிறகு கொஞ்சம் சூடானது போல் இருந்தது. அந்தச் சூட்டை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தானே, சனி மூட்டை முடிச்சைக் கட்டுகிறார் என்று சொல்லிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அல்லி அவருடைய வேட்டியைத் துவைக்க எடுத்தார். அல்லி அதிகம் பேசுகிறவர் அல்ல. கேள்விதான் கேட்பார்.

"இது என்னங்க கறை?"

"கிரீஸா இருக்கும்."

"கிரீஸ் எள்ளு வாசன அடிக்குமா?"

தியாகராசன் வேட்டியை வாங்கக் கை நீட்டினார்.

"எள்ளு இப்படி மணலாட்டம் நறநறங்குமா?"

இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் தியாகராசன் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே பெருமை வந்துவிட்டது. "கையில நறநறங்குதே, அது என்னங்கற? என் முட்டிலேருந்து எறங்குன இரும்பு" என்று முடித்தார்.

அல்லி எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒட்டகத்தை எடுத்து வந்தார். மன்சூர் அலி துபாயிலிருந்து வாங்கி வந்த காந்த ஒட்டகம் அது. கரண்டு பில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை பார்த்தறியாத பிராணி. அதைக் கறையின் மேல் வைத்துத் தேய்த்தார். ஒட்டகத்துக்குக் கறுகறுவென்று தாடி முளைத்தது.

"பாத்தியா. இரும்பு" என்றார் தியாகராசன்.

"சரி, இரும்புதான். இது உங்க முட்டிலேருந்து வந்ததா?"

"பின்ன?"

அல்லி பீரோவைத் திறந்து, புடவைகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி, ஊறுகாய் ஜாடியை எடுத்தார். பழைய மூட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். தாடியைத் துடைத்துவிட்டு ஒட்டகத்தை மூட்டின் மேல் நிறுத்தினார். ஒட்டகம் வழுக்கி விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது.

"கடையில புஷ் வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

தியாகராசன் ஒட்டகத்தைக் கையில் வாங்கினார். மூட்டை மேலே, கீழே, பக்கவாட்டில், முளை இருந்த அடிப்பாகத்தில் என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். எங்கும் ஒட்டவில்லை. கடைக்காரர் முகம் மெல்ல அவருக்குத் திரும்பி வந்தது.

"இது இரும்பே இல்ல அல்லி."

"அப்ப எறங்குனது எது?"

தியாகராசன் ஒட்டகத்தை மேசையில் வைத்தார். அல்லி குனிந்து முட்டியில் புறங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இது எப்பலேருந்து சுடுது?"

"சனி வெளியேறுறாருன்னு..." என்று தொடங்கிய தியாகராசனால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. சித்தர் சொல்லும்போது கம்பீரமாக இருந்த அதே வாக்கியம், வீட்டு விளக்கு வெளிச்சத்தில், மனைவி கை முட்டி மேல் இருக்கும்போது, சுத்த உளறலாகக் கேட்டது. அவருக்குப் பயம் வந்தது. நிஜமான பயம். கடற்கரைச் சாலை கண்ணுக்குள் வந்துபோயிற்று.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிவப்ரியா ஊசி போட்டு முட்டியிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று தியாகராசன் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது.

"பாசி கெட்டியாப் படியறதுக்கு முன்னாடி வந்துட்டீங்கன்னு நெனைக்கிறேன். தெறந்து கழுவறேன். மூட்டு தங்குமான்னு இப்ப சொல்ல மாட்டேன். மூணு மாசம் மாத்திரைய ஒழுங்காப் போடுங்க, அப்பறம் சொல்றேன்."

கழுவினார். மறுநாள் பார்க்க வந்த மன்சூர் அலி, கட்டிலருகே உட்கார்ந்து ஆறுதல் சொல்லிவிட்டு, தன் பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். தழும்பின் ஓரத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

"எனக்கு நல்லா எறங்குது தியாகு. சாமி சந்தோசப்பட்டாரு."

தியாகராசன் ஒட்டகக் கதையைச் சொன்னார். இங்கேயே டாக்டரிடம் காட்டும்படி கெஞ்சினார். மன்சூர் அலி நம்பவில்லை.

"உன் முட்டி வேற சாமானா இருக்கும். எனக்கு வச்சது பிளேட்டுப்பா. நான்தான் கண்ணால பாத்தேனே, கல்லுல ஒட்டுனுச்சே."

கண்ணால் பார்த்தவரை வாயால் திருத்த முடியாது. தியாகராசனுக்கு அது நன்றாகத் தெரியும். அவரும் போன வாரம் வரை அந்த வரிசையில் நின்றவர்தானே. அல்லியைப் பார்த்தார். டாக்டரிடம் காட்டக் கொண்டுவந்திருந்த ஊறுகாய் ஜாடியையும் ஒட்டகத்தையும் அல்லி ஏற்கெனவே பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

தையல் பிரித்த பிறகு வந்த சனிக்கிழமை, மூன்று பேரும் திருநள்ளாற்றுக்குப் போனார்கள். தியாகராசன் வாக்கரில் வந்தார். சந்து நிறையக் கூட்டம். சித்தர் அவரைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"ஆஸ்பத்திரி வாசல மிதிச்சீங்களா? அதான் மொகத்துல சனி தெரியுது."

"இன்னைக்கு இவருக்கு இல்ல சாமி, எனக்கு" என்று சொல்லி அல்லி முன்னால் போய் உட்கார்ந்தார். புடவையைச் சற்று உயர்த்தி, முட்டியில் நீளமாக இருந்த தழும்பைக் காட்டினார்.

சித்தர் கண்ணை மூடினார். கல் நடுங்கியது. "பெரிய இரும்பா வச்சிருக்காங்க தாயி. ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. ஒண்ணு கோணலா இருக்கு."

கூட்டத்தில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "எக்ஸ்ரே எடுத்த மாதிரி சொல்றாரு பாத்தீங்களா" என்றார். விழுது பூசப்பட்டது. துணி போர்த்தப்பட்டது. முணுமுணுப்பு முடிந்தது. கல்லை ஓட்டியதும் விழுது குபீரென்று சிலிர்த்தது. இத்தனை இரும்பு இதுவரை யாருக்கும் இறங்கியதில்லை.

"எல்லாம் என் கால்லேருந்து வந்ததா சாமி?" என்று கேட்டார் அல்லி.

"பின்ன? என் கையிலேருந்தா வந்துச்சு?"

"நான் எட்டாவது படிக்கறப்ப முருங்க மரத்துலேருந்து விழுந்தேங்க. அந்தத் தழும்பு இது. ஆபரேஷனே பண்ணல. அந்த ஸ்க்ரூவ யாரு வச்சது?"

சித்தர் அசரவில்லை. "அட தாயி, ரத்தத்துல இரும்புச் சத்து இருக்குன்னு உங்க டாக்டருங்களே சொல்றாங்களா இல்லையா? கல்லு அதை இழுத்திருக்கு."

பதில் வந்த வேகத்துக்குக் கை தட்டலாம். கூட்டம் கிட்டத்தட்டத் தட்டியது. "அதானே" என்றது ஒரு குரல். மன்சூர் அலியின் தலைகூட இலேசாக ஆடியது. தியாகராசன் அதைப் பார்த்துவிட்டார்.

அல்லி ஜாடியைத் திறந்தார்.

"இது இவரு முட்டிக்குள்ள வருசக்கணக்கா இருந்த மூட்டு. டாக்டர் கழட்டிக் குடுத்தது. ரத்தத்துல கரைஞ்ச இரும்பையே இழுக்கற கல்லு, இம்மாம்பெரிய மூட்ட இழுக்காதா? இழுத்துக் காட்டுங்க சாமி."

சித்தர் கல்லைப் பின்னால் எடுத்தார். அதற்குள் முன்வரிசையில் ஒரு பெண், "இழுங்க சாமி, பாப்போம்" என்றார். வம்புக்கு அல்ல, ஆசையாகத்தான் கேட்டார். வேறு வழியில்லாமல் சித்தர் கல்லை மூட்டின் மேல் வைத்தார். எடுத்தார். மூட்டு வைத்த இடத்தில் இருந்தது. அழுத்தித் தேய்த்தார். அது சனிக்கும் அசையவில்லை, சாமிக்கும் அசையவில்லை.

"இது செத்த இரும்பு. சனி போயிட்டதால சத்தும் போயிருச்சு."

இந்த இடத்தில்தான் தியாகராசன் வாய் திறந்தார். அது பக்தரின் குரல் அல்ல. போலிச் சரக்கைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரின் குரல்.

"இரும்பு சாவாது சாமி. நான் அந்த வியாபாரத்துலதான் இருக்கேன். இதுல இரும்புக் குணமே கிடையாது. காந்தம் புடிக்காத உலோகமாப் பாத்துத்தான் உள்ள வைக்கிறாங்க. பிளேட்டும் அப்படித்தான். இரும்புன்னு பேரு வச்சது நாமதான்."

சொல்லிவிட்டு, சித்தரின் பக்கத்தில் இருந்த எள் விழுதுக் கிண்ணத்துக்குள் ஒட்டகத்தை இறக்கினார். யார் காலிலும் இன்னும் படாத புது விழுது. வெளியே எடுத்தபோது ஒட்டகத்தின் முகமே தெரியவில்லை. தாடி, மீசை, புருவம் எல்லாம் முள்ளாக நின்றன. அதைக் கூட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"எங்க காலுலேருந்து எறங்குச்சு, சரி. இந்தக் கிண்ணத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு?"

முன்வரிசைப் பெண்தான் முதலில் சிரித்தார். பிறகு பின்னால் ஒருவர். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிக்காமல் நின்றவர் மன்சூர் அலி ஒருவர்தான். ஒட்டகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் வாங்கி வந்த ஒட்டகம். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் துபாயில் எத்தனையோ முதலாளிகளைச் சமாளித்த மனிதர். சித்தருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் ஏந்தினார்.

"பழைய இரும்பு எடுத்தா பேரீச்சம்பழம் தர்றது வழக்கம். இத்தனை வாரமா எடுத்தீங்களே, எங்க பழம் எங்க சாமி?"

அதற்குப் பிறகு அந்தச் சந்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. சித்தர், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார். எந்த ஊர்த் தண்ணீரோ, இன்னும் குடித்து முடியவில்லை.

மன்சூர் அலியை அங்கிருந்தே நேராக சிவப்ரியாவிடம் அழைத்துப் போனார்கள். எலும்பு சேர்ந்துவிட்டிருந்ததால் பிளேட்டைக் கழற்றி, கழுவி, மருந்து கொடுத்தார். மயக்கம் தெளிந்ததும் அவரும் பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒட்டகத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "கடைசில நீ சொன்னதுதான் தியாகு" என்றார்.

தியாகராசன் பல் டாக்டரிடம் போனார். பிடுங்கிய இரண்டு பல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார். குழி விழுந்து உள்ளே கறுத்துக் கிடந்தன. இவ்வளவு குப்பையை வாயில் வைத்துக்கொண்டுதான் வானத்தில் காரணம் தேடினோமா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மாத்திரை டிராயரை விட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. காலையில் பாதத்தைத் திருப்பி வெடிப்பைப் பார்ப்பது, பல் விளக்குவதைப் போல் வழக்கமாயிற்று. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு சிவப்ரியா, "மடக்குங்க" என்றார். மடக்கினார். "நீட்டுங்க" என்றார். நீட்டினார். "மூட்டு தங்கிடுச்சு. நீங்க அதத் தங்க விடணும்" என்றார். தியாகராசனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மொபெட் கடற்கரைச் சாலைக்குப் போனது. சுண்டலும் வாங்கப்பட்டது.

இப்போது கடையில் கல்லாவுக்கு மேலே நூலில் தொங்குவது அந்த ஒட்டகம்தான். போன வாரம் ஒருவர் மொபெட்டுக்குச் செயின் வாங்க வந்தார். அசல்தானா என்று மூன்று தடவை கேட்டார். டப்பாவில் இருந்த முத்திரையைத் தடவிப் பார்த்தார். செயினின் கண்ணிகளை எண்ணிப் பார்த்தார். வாங்கி முடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே படியிறங்கியவர் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, எனக்கும் முட்டில வச்சிருக்கு. கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் ஒரு அம்மா வந்திருக்காங்களாம். கடல் தண்ணிய மந்திரிச்சுக் குடுத்தா உள்ள இருக்கற துரு எல்லாம் போயிடுமாமே. நெசந்தானா?"

தியாகராசன் ஒட்டகத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"முட்டிக்கு மாத்து சாமான் வந்துடுச்சு தம்பி, அது துருப்புடிக்காது. துருப்புடிக்கிற ஐட்டம் ஒடம்புல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, கழுத்துக்கு மேல. அதுக்கு எந்தக் கடையிலயும் ஸ்பேர் கிடையாது. செயினுக்கு மூணு கேள்வி கேட்டீங்கள்ல, அந்தம்மாகிட்டப் போயி ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அதுக்காவது மேல இருக்கறத ஓட்டிப் பாருங்க."